ஆறாவது தக்காளி

நான் அரசி.
சனி, ஞாயிறு மட்டும், பத்து மணி முதல் ஆறு வரை.
மற்ற நாட்களில் ஒஹாயோவின் ஒரு சிற்றூரில்
வாகனப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல்.
அங்கேயும் இதே கையசைப்புதான்.

சோளம் அறுத்த வயலில் எங்கள் சாம்ராஜ்யம்.
ஒட்டுப்பலகைக் கோட்டை,
வாடகைக் குதிரை நான்கு,
கவசத்துக்குள் வேகும் கணக்காளர்கள்,
வான்கோழிக் காலைக் கடித்தபடி
சீட்டு வாங்க நிற்கும் ஒரு துறவி.

வாசலுக்கு இடப்பக்கம் தொழுமரம்.
கழுத்தும் இரண்டு கையும் அதில் மாட்டி
நாள் முழுக்க நிற்பவன் வெண்டல்.
ஐந்து டாலருக்கு ஆறு தக்காளி.
எறிகிறவரை அவன் திட்டுவான்,
கூட்டம் வருவதே அதற்குத்தான்.

"ஐயா, தலைமேல் முடியும் இல்லை,
உள்ளே குடியும் இல்லை!"

என்னையும் விடவில்லை:
"அரசியே, உன் கிரீடத்தைக் காகம் இரவல் கேட்டது.
கூட்டுக்கு ஆகாதென்று திருப்பித் தந்தது."

வாரநாளில் அவன் காப்பீட்டு நிறுவனத்தில்
'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதங்கள் எழுதுகிறவன்.
ஐந்து நாள் கட்டிப்போட்ட நாக்கு
ஆறாம் நாள் அவிழ்ந்தால் அப்படித்தான்.

ஈட்டிப் போட்டி முடிந்ததும் தோரா வருவாள்,
குதிரைகள் விட்டுச்சென்றதை அள்ள.
ஒற்றைச் சக்கர வண்டி, நீள மண்வாரி, கோணிப்பாவாடை.
வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்,
அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில்
ஒரே பார்வையில் உட்காரவைப்பாள்.

வண்டிச் சக்கரம் கிறீச்சிடும்.
வெண்டலின் வாய் மூடிக்கொள்ளும்.

சாணம் அள்ளுகிறவளைத் திட்ட
ஒரு சொல் அகப்படாதா?
கைக்குழந்தைக்கே அகப்படுமே!
முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது.
அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஐந்தாம் சனிக்கிழமை
மண்வாரியைச் சாய்த்து வைத்தாள்.
கசங்கிய ஐந்து டாலரை நீட்டினாள்.
"ஊரையே திட்டுகிறாய். என்னை மட்டும் ஏன் விட்டாய்?
நான் என்ன அவ்வளவு மட்டமா?"
"அது... வந்து..." என்றான்.

பள்ளி நாளில் அவள் சாஃப்ட்பால் பந்துவீச்சாளர் என்பது
அதுவரை யாருக்கும் தெரியாது.
இடக் காதோரம் ஒன்று.
வலக் காதோரம் ஒன்று.
உச்சிக்கு மேலே, தாடைக்குக் கீழே,
இன்னொன்று எங்கே போயிற்றென்று நான் பார்க்குமுன்
மரமெல்லாம் சிவப்பு.
அவன் மூக்கில் ஒரே ஒரு விதை.

அப்போது பார்த்து மழை.

அரசர்தான் முதலில் ஓடினார், கார்ச் சாவியோடு.
வீரர்கள் துருவுக்குப் பயந்து கொட்டகைக்குள் பாய்ந்தார்கள்.
தொழுமரத்துப் பூட்டு வெறும் நாடகப் பூட்டு,
தோளைக் குலுக்கினால் திறந்துகொள்ளும்.
ஆனால் நனைந்த மரம் ஊதி
நிஜமாகவே அவனைப் பிடித்துக்கொண்டது.

"மன்னித்தோம், விடுதலை!" என்று கோட்டை மேலிருந்து கத்தினேன்.
மரம் என் குடிமகன் இல்லை போலும்.

தோரா மண்வாரியை இடுக்கில் செருகினாள்.
"சாணம் அள்ளியதா?"
"அதேதான்."
"கழுவினாயா?"
"இல்லை."

அப்போதுதான் நாக்கு திரும்பியது அவனுக்கு:
"உன் வாடை வந்து
கால் மணி கழித்துத்தான் நீ வருகிறாய்.
அந்தக் கால் மணிதான்..."
கொஞ்சம் திணறினான்.
"...வாரம் முழுக்க எனக்கு நல்ல நேரம்."

திட்டாகத் தொடங்கியது
பாதி வழியில் வேறெங்கோ திரும்பிவிட்டது.
அவள் சிரித்த சிரிப்பில் மண்வாரி அழுந்த,
படீரென்று விட்டது மரம்.

ஆறாவது தக்காளியை மடியிலிருந்து எடுத்தாள்.
பாதி கடித்து மீதியை நீட்டினாள்.
"உப்பில்லை" என்றான்,
சாறு முழங்கைவரை வழிய வழியத் தின்றபடி.

நனைந்த கோழிபோல் நான் நின்றேன்.
அரசியிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று
அந்த இருவருக்கும் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் ஜன்னலில் ஒருவன்,
கழுத்தில் இன்னும் மரத்தின் தடம்.
சாண வண்டிக்குப் பதிவெண் வேண்டுமாம்.
சக்கரம்: ஒன்று.
ஓட்டுபவர்: இருவர்.

'வருந்துகிறோம்' என்று எழுதி
அரச முத்திரை குத்திக் கொடுத்தேன்.